கோடு போடாத குழாய்

ரொசாரியோ நகர ஆஸ்பத்திரியில் நெலிதா கொரோனெல் ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. இருபத்தாறு வருஷமாய் ரத்தம் எடுத்தவள். இப்போது நாலு வருஷமாய், நுரையீரல் கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய் செல்களை எண்ணுவதும் அவள் வேலைதான். ஐந்துக்குக் கீழே என்றால் மருந்து கேட்கிறது. மேலே போனால் கவலை. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் அந்த எண்ணுக்காக வீடே காத்துக் கிடக்கும்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஊசி தோலைத் துளைக்கும்போது தோல் செல்லும் கூடவே வந்துவிடும், எண்ணும்போது ஆளை ஏமாற்றும். அதனால் ரத்தம் பிடித்த முதல் குழாயின் மூடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வேறு சோதனைக்கு ஒதுக்குவாள். இரண்டாவதைத்தான் எண்ணுவாள். கோடு போட மறந்த எத்தனையோ உதவிப் பெண்களை அழவைத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவளே சொதப்பினாள்!

சொதப்ப வைத்தவர் எவரிஸ்தோ, எல்லோருக்கும் மரியாதையாய் ‘தோன்’ எவரிஸ்தோ, நோயில் மெலிந்துபோன ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மருந்து தொடங்குமுன் அவருக்கு எண்ணிக்கை பதினொன்று. மகள் கல்யாணம் டிசம்பரில். எண் குறையாவிட்டால், அப்பா இருக்கும்போதே ஆகட்டும் என்று அடுத்த வாரமே முடித்துவிடுவதாக வீட்டில் பேச்சு.

“அடுத்த வாரம் எப்படிம்மா முடியும்?” என்றார், ஊசி உள்ளே போகிற நேரம் பார்த்து. “இறைச்சி சுட நெருப்பு மூட்டுடான்னு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். ஊதி ஊதிப் பாதி மீசையைக் கொளுத்திக்கிட்டான். அது வளர வேணாமா?”

நெலிதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு குழாயையும் தாங்கியில் வைத்தாள்.

மத்தியானம் ஒரு குழாயை எடுத்து எண்ணிப் பார்த்தால் ஒன்பது. பாவி மனுஷன் என்று முணுமுணுத்தபடி ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினாள். அப்புறம்தான் மூடிகளைப் பார்த்தாள். எதிலும் கோடு இல்லை.

அவள் ஓடிப் போவதற்குள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட டாக்டர் இபார்லுசேயா பேனாவைத் திறந்துவிட்டார்.

“கையெழுத்துப் போடாதீங்க டாக்டர். எது முதல் குழாய்னு எனக்கே தெரியல.”

“நீயா? கோடு போடாமலா?”

“நானேதான். இளிச்சுக்கிட்டே எடுத்தேன்.” வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் காலையிலேயே தோன் எவரிஸ்தோவை வரவழைத்தாள். “இன்னைக்கு வாயைத் திறந்தீங்க, நாக்குலயே குத்திடுவேன்.”

அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். புருவம் மட்டும் ஆடியது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை, முதலில் கோட்டைப் போட்டாள். இதுவும் ஒன்பதாகவே இருந்துவிட்டால் என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

“ரெண்டு, தோன் எவரிஸ்தோ.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் வீடே அதிர மனைவியைக் கூப்பிட்டு ஒரு கத்தல்:

“அடியே ராமோனா! கல்யாணத்துக்குப் போடுற என் கோட்டைச் சின்னதாப் பிடிச்சுத் தைக்க வேணாம்னு தையக்காரன்கிட்ட சொல்லு. டிசம்பருக்குள்ள எனக்கு உடம்பு தேறிடும்!”