கை கொடுக்கிற கிளி

எங்கள் வீட்டில் யார் வந்தாலும் சலாம் சொல்ல வேண்டும், கை கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பழக்கிய அதே வழக்கத்தை நான் கிளிக்கும் பழக்கினேன். சாம்பல் உடம்பும் சிவப்பு வாலுமாக இருக்கும் ஆப்பிரிக்கக் கிளி அது. விருந்தாளி கையை நீட்டினால் முதலில் ஒரு சலாம், பிறகு ஒரு கால், அப்புறம் அந்தக் கையிலேயே ஏறி உட்கார்ந்துவிடும். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும். கூண்டு கழுவுவது நான், கொய்யா நறுக்கிப் போடுவது நான், கொஞ்சல் மட்டும் வருகிறவர் போகிறவருக்கெல்லாமா?

அதிலும் என் கணவர். தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து வரும் அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் என் தோளை விட்டுப் பறந்துவிடும். "நீ ஒன்னும் மனசுல வெச்சுக்காதம்மா, அதுக்கு ஆம்பள கொரல்தான் புடிக்குது" என்பார். பெரிய ஆறுதல்.

ஒரு நாள் காலையில் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருப்பக்க வராந்தாவில் கூண்டு திறந்து கிடக்கிறது, கிளி இல்லை. கத்தின சத்தம்கூடக் கேட்கவில்லை என்றார் எதிர்வீட்டுக்காரர். எப்படிக் கத்தும்? திருட வந்தவன் கையை நீட்டியிருப்பான், இது மரியாதையாக ஏறிப் போயிருக்கும். போய்விட்டதே என்று அழுதேன். அவன் கையில் ஏறிற்றே என்றும் சேர்த்துத்தான் அழுதேன்.

போலீசில் புகார் கொடுத்தோம். கிளியின் கால் வளையத்தில் இருந்த எண்ணைப் பறவை டாக்டரிடமும் கிளி விற்கிற கடைகளிலும் சொல்லி வைத்தோம். மழைக்காலம் முழுக்க ஒரு தகவலும் இல்லை. பொங்கல் முடிந்து டாக்டரிடமிருந்து போன் வந்தது. வீராம்பட்டினத்துப் பெண் ஒருத்தி நகம் வெட்ட ஒரு கிளியைக் கொண்டுவந்திருக்கிறாள், வளையத்தில் அதே எண் என்றார்.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். அந்தப் பெண் அங்கேயே இருந்தாள், என்னைவிடச் சின்னவள். கிளி அவள் கழுத்தோரம் தலையைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. என்னிடம் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. கையை நீட்டினேன். என்னைப் பார்த்து ஒழுங்காகச் சலாம் சொல்லி, ஒரு காலை நீட்டியது. வீட்டு ஆட்களுக்கு அது சலாம் சொன்னதே கிடையாது.

"திருட்டுக் கிளின்னு தெரியாதுக்கா. எந் தம்பி எங்கியோ வாங்கியாந்தான்" என்றாள் அவள். "வந்தப்ப ஒன்னுமே துன்னல. மடியில வெச்சு ஊட்டுனேன்." சண்டைக்கென்றே கிளம்பிப் போன நான், கொண்டுபோன கூண்டைத் திறந்து வைத்தேன். அவளே கூண்டில் விட்டுத் துணி போர்த்திக் கொடுத்தாள். "எப்பனா போன்ல காட்டுங்கக்கா" என்று நம்பரும் கொடுத்தாள். சரி என்றேன். காட்டுகிற எண்ணமே இல்லை.

கூண்டை உள்ளறைக்கு மாற்றினேன். பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி யாரும் அதனிடம் கையை நீட்டக் கூடாது, வீட்டுக்காரர் உட்பட. பத்திரத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், ஒருவழியாக எனக்கே எனக்கென்று ஆயிற்று என்ற சந்தோஷம்.

கிளி சாப்பிடவில்லை. நெஞ்சு இறகைப் பிடுங்கிப் போட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏங்குகிறது, இப்படியே விட்டால் தாங்காது என்றார் டாக்டர்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடேன்" என்றார் கணவர்.

"எங் கிளிக்கு நான் போதும்" என்றேன்.

மறுநாள் அது தண்ணீரையும் தொடவில்லை. அவர் பட்டறைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, கூண்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வீடியோ காலில் நானே அவளைக் கூப்பிட்டேன்.

"இன்னாடா தங்கம், துன்னியா நீ?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், கிளி தத்தித் தத்தி வந்து போன் திரையை அலகால் தடவியது. அவள் பேசப் பேச, நான் நீட்டிய மாதுளை முத்தை ஒவ்வொன்றாக வாங்கித் தின்றது. விரல் என்னுடையது, பார்வை முழுக்க அவள் மேல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா துன்னுதுக்கா. நான் கட் பண்ணிடட்டா?" என்றாள்.

"பண்ணாத" என்றேன். "பேசு. பேசிக்கினே இரு."