சாமிக்கு வளர்த்த கூந்தல்

எங்கள் தெருத் தையல்காரி ரஞ்சிதத்துக்கு ஒரு காலத்தில் கூந்தலும் நீளம், கோபமும் நீளம். கூந்தல் கொட்டிவிட்டது. கோபம் அப்படியே இருக்கிறது.

மகள் அபிக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் முருகன் மலையில் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பேரன் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டான். இவள் போகவில்லை. "இந்த எலி வாலையா முருகனுக்குக் குடுக்கறது? கொஞ்சம் தேறட்டும்" என்பாள். முடி வளரும் என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் ஜிங்க் மாத்திரை வாங்கி, சீக்கிரம் வளரட்டும் என்று வேளைக்கு இரண்டாக விழுங்கினாள்.

அடுத்த வருஷம் அவள் பாதங்கள் மரத்துப்போயின. தையல் மிஷின் மிதியில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். என் ரவிக்கைக்குப் போட்ட தையல் தோளில் கிளம்பி மாநில எல்லையையே தாண்டிவிட்டது. கேட்டால் என் தோள்தான் கோணல் என்றாள். நானும் சண்டைக்குத் தயாரானேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்ததும் சண்டையை மறந்து கை கொடுத்தேன். மிஷினை மிதிக்காமல் அவளுக்குப் பிழைப்பு ஏது?

"வேண்டுதல தள்ளிப்போட்டுகினே இருந்தா சாமி சும்மா இருக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயம்மா. ரஞ்சிதம் சண்டைக்குப் போகாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாளே அரக்கோணத்துக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் நஸியா பார்த்தார். ரத்தம் குறைவு. சர்க்கரை இல்லை, வைட்டமினும் சரியாக இருந்தது.

"வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"முடியும் ரொம்பக் கொட்டியிருக்கே. பேசாம மொட்டை போட்டுக்கலாம்" என்றார் டாக்டர் விளையாட்டாக.

"ஆங், அதுக்குத்தாங்க ஜிங்க் மாத்திரை போட்டுகினு இருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரையே இல்லைன்னீங்களே?"

"அது எனக்கு இல்லைங்க. சாமிக்கு."

மறு பரிசோதனையில் அவள் ரத்தத்தில் செம்பு அடிமட்டத்தில் கிடந்தது. ஜிங்க் அளவு மீறினால் குடல் செம்பை உள்ளே விடாதாம். செம்பு இருந்தால்தான் வேலை செய்வோம் என்று அடம் பிடிக்கும் நொதிகள் சில நம் உடம்பில் இருக்கின்றனவாம். அவை சோர்ந்தால் ரத்தம் ஊறாது, நரம்பும் கெடும். இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மருத்துவப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஜிங்கை நிறுத்தி, செம்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"ரத்தம் சீக்கிரம் தேறிடும். காலுக்கு உணர்ச்சி எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

ரயிலில் ரஞ்சிதம் கேட்டாள்: "அப்போ முருகனுக்குக் கோவம் இல்லையாடி?"

"அவருக்கு என்ன கோவம்? எல்லாம் உன் அவசரம்."

அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

சித்திரையில், இருந்த எலி வாலையே கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு மலைப்படி ஏறினாள். உச்சி வெயிலில் கருங்கல் கொதித்தது. நான் அவள் கையை விட்டுவிட்டு நிழலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அவள் நட்ட நடு வெயிலில் அசையாமல் நிற்கிறாள். சூடுகூடத் தெரியாமல் கால் இன்னும் மரத்தேதான் கிடக்கிறதோ என்று பதறி ஓடினேன்.

"சுடுதுடி" என்றாள், கண்ணில் நீரோடு. எவ்வளவு இழுத்தும் நிழலுக்கு வரவில்லை.