சன்னம்மா பாளையா

பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை பார்த்த ருக்மிணிக்கு ஒரு வியாதி. யாராவது உதவி செய்துவிட்டால், வாயால் நன்றி சொல்லித் தீர்க்காமல் தூக்கம் வராது. அவளுக்கு எல்லாரையும்விடப் பெரிய உதவி செய்த சன்னம்மாவோ அதைச் சொல்ல விட்டதே இல்லை. ருக்மிணி ஆரம்பித்தாலே, "ஊட்டா ஆச்சா?" என்று சாப்பாட்டைக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறு வெடித்து, தமிழர் குடிசைகள் எரிந்தபோது, ருக்மிணியும் அவள் புருஷன் பச்சைமுத்துவும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு தலைதெறிக்க ஓடினார்கள். வழிமறித்து உள்ளே இழுத்துக்கொண்டவள் கன்னடக்காரி சன்னம்மா. ஒளித்துவைத்த இடம் அவளுடைய பட்டுப்புழு மனை. புழு வளர்ப்பவர்கள் அதற்குள் சொந்த மாப்பிள்ளையைக்கூட விடமாட்டார்கள். புகையும் வெளியாள் வாடையும் புழுவுக்கு ஆகாது. வெளியே அத்தனை பேருக்கு உலை வைத்தால் ஊர் சந்தேகப்படும். பிள்ளைகள் பசியில் அழுதார்கள். சன்னம்மாவே சீமெண்ணெய் ஸ்டவ்வை உள்ளே கொண்டுவந்து பற்றவைத்தாள்.

கலவரம் அடங்கியபோது, கூடு கட்ட வேண்டிய புழுவெல்லாம் தட்டிலேயே கறுத்துக் கிடந்தன. ஒரு வார்த்தை சொல்லவில்லை மகராசி. போக்கிடம் இல்லாதவர்களைத் தன் மல்பெரித் தோட்டத்து ஓரம் கல்லாங்காட்டில் வீடு போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

அப்படி முளைத்த ஊருக்கு வெகுநாள் பேரே கிடையாது. தொண்ணூற்றெட்டில் பஸ் வந்தது. ஸ்டாப்பில் எழுத ஒரு பேர் வேண்டுமே! ஊர்க்கூட்டத்தில் ஒருவர் தன் கட்சித் தலைவர் பேரைச் சொன்னார், இன்னொருவர் தன் குலசாமியை இழுத்தார். ருக்மிணி எழுந்து "சன்னம்மா பாளையா" என்றாள். பாதிப் பேர் அன்றைக்கு அந்த மனையில் ஒண்டியவர்கள்தானே. அப்புறம் மறுபேச்சே எழவில்லை.

மறுத்தது சன்னம்மாதான். உயிரோடு இருப்பவள் பேரை ஊருக்கு வைத்தால் ஆயுசு குறைந்துபோகும் என்று பயந்தாள். "பேடம்மா, வேணாம். நானு செத்ததுக்கு அப்பறம் வச்சுக்கோங்க," என்றாள்.

ருக்மிணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பறம் வச்சா, நாங்க நன்றிய யாருகிட்டம்மா போய்ச் சொல்றது? அந்தப் புழுவெல்லாம் எங்களாலதானே செத்துச்சு?"

கேட்டுவிட்டு அழுதாள். சன்னம்மா ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"போர்டு சின்னதா போடுங்க," என்றாள் கடைசியில்.

கொஞ்ச நாள் கழித்து இருவரும் சந்தைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினார்கள். கண்டக்டர் சன்னம்மா பாளையா என்று குரல் கொடுத்ததும் பாதி பஸ் எழுந்தது. வேலை முடிந்து வருகிற ஜனம், தூக்குச் சட்டியும் பையுமாக முண்டியடித்து இறங்கியது. சன்னம்மா மட்டும் வெட்கப்பட்டு உட்கார்ந்தே இருந்தாள். ருக்மிணி அவள் கையைப் பிடித்து எழுப்பி இறக்கிவிட்டாள்.

ரோட்டில் நின்று, வீடுகளுக்குள் போகிறவர்களைச் சன்னம்மா பார்த்தாள்.

"இத்தன ஜனம் என் பேரச் சொல்லி வீட்டுக்குப் போறாங்க," என்றாள். "ஆயுசு கம்மியானா ஆகட்டும் விடு, ருக்கு."