பனி வண்டியின் பிளக்

நெமிலிச்சேரியில் நாங்கள் பார்த்த பனியெல்லாம் மார்கழிக் காலையில் தண்டவாளத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்பா ஏறும் சென்ட்ரல் ரயில் வருவதற்குள் கலைந்துபோகும் பனிதான். அதனால், ஒரு கோடை விடுமுறையில் மாமா பனிமலையிலிருந்து வருகிறார் என்றதும், தெருப் பிள்ளைகளிடம் நான் அவிழ்த்துவிட்டதில் பாதிக்குமேல் பொய். மாமாவின் மீசையில் ஐஸ் தொங்கும் என்றுகூடச் சொல்லியிருந்தேன். வந்து இறங்கியவருக்கு முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. பட்டாபிராமில் வெயிலில் நின்று மூட்டை இறக்குகிறவர் மாதிரி இருந்தார். மீசையே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராணுவத்தில் மெக்கானிக். பனியில் ஓடும் ஸ்கூட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அந்த வண்டிக்கு முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் ஒரு பட்டை. டாங்கித் தொழிற்சாலை இருக்கும் ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டாங்கியைத் தெரியும் என்பதால் எனக்கு அது உடனே புரிந்தது. மற்ற விடுமுறைகளில் மாமா ஓர் இடத்தில் உட்கார மாட்டார். சினிமா, சிநேகிதர்கள், யாருடைய கல்யாணத்திலாவது பந்தி பரிமாறுவது என்று சுற்றிக்கொண்டிருப்பார். அந்த முறை வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. மூன்று வயதுத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சு விடுவதையே கவனித்துக்கொண்டிருப்பார். தம்பிக்குப் புழுதி பட்டால் வீசிங் வரும். அதற்காகத்தான் பார்க்கிறார் என்று நினைத்தோம்.

வந்த சில நாட்களில் அம்மாவின் மொபெட்டைப் பிரித்துப் போட்டார். லீவில் வந்தவன் லீவில் இருக்கக் கூடாதா என்று அப்பா முணுமுணுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். வண்டியில் இருந்த ஸ்பார்க் பிளக்கை மாமா கழற்றினார். பிறகு தன் பையிலிருந்து துணியில் சுற்றிய இன்னொரு பிளக்கை எடுத்து, இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

“இன்னா வித்தியாசம், சொல்லு பாப்பா.”

வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நுனியை எட்டிப் பார்த்தால், எங்கள் பிளக்கில் வெள்ளைப் பீங்கான் நீளமாக நின்றது. மாமாவுடையதில் குட்டை.

“நீட்டா கீதே, அதுல சூடு வெளிய போவ நேரமாவும். அது சூட்டு பிளக். குட்டையா கீறதுல சட்டுனு போயிடும். இது கூல் பிளக். பனி வண்டியில போடறது.”

“ஐஸ்ல ஓடற வண்டிக்கு எதுக்கு மாமா கூலிங்கு?”

வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்தார். “வெளியதான் ஐஸு. உள்ள அடுப்பு எரியுது. முறுக்கி ஓட்டினா பிளக்கு பழுத்துடும், பிஸ்டன்ல ஓட்டை உழும். அதான் கூல் பிளக்.”

“அப்ப நம்ம வண்டிக்கும் அதான நல்லது?”

“மெதுவா ஓட்டினா இந்த பிளக்கு சூடே ஆவாது. சூடானாதான் தன்மேல படியற கரிய தானே எரிச்சுக்கும். ஆவலன்னா கரி படிஞ்சு…” என்று நிறுத்திவிட்டு, அந்தக் குட்டைப் பிளக்கையே வண்டியில் மாட்டினார். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, மரை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பனிமலைப் பிளக் எங்கள் வண்டியில் என்று நான் தெருவுக்கே சொல்லிவிட்டேன். மாமா அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான். “எப்பவும்போல மெதுவாவே ஓட்டுக்கா. முறுக்காத.” அம்மாவிடம் இதைச் சொல்லவே வேண்டாம். அவள் ஓட்டினால் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போய், யாரடா இது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அம்மா கடைக்குப் போய்த் திரும்பியதும் வாசலிலேயே நின்று கேட்பார்: “நின்னுச்சாக்கா?”

“இல்லடா. நல்லாத்தான் போவுது.”

உடனே பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். துடைக்காமல் அப்படியே மாட்டிவிடுவார். நான் துணி எடுத்துக் கொடுத்தால், “தொடைக்கக் கூடாது பாப்பா” என்பார். வண்டி நிற்காமல் ஓடிய ஒவ்வொரு நாளும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒருநாள் என்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கித் தந்தார். மொபெட்டில் போகலாம் என்று நான் அடம்பிடித்தும் கேட்காமல் பஸ்ஸில்தான் போனோம். “அவ்ளோ தூரம் முறுக்கிப் போனா படிஞ்ச கரியெல்லாம் எரிஞ்சு பூடும். ஒண்ணும் தெரியாது” என்றார். கரி எரிந்துபோனால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பிரியாணி முன்னால் இருந்ததால் கேட்கவில்லை.

எங்கள் சாலையைக் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். ஒரு காலையில் அந்தப் புழுதியில் தம்பிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். மாமா ஏதோ ராணுவக் காகிதத்துக்காக ஆவடிக்குப் போயிருந்தார். அம்மா தம்பியை முன்னால் நிற்கவைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பட்டாபிராம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி, நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் போக முடிந்தது. பாதி வழியில் வண்டி இருமியது. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்து, நின்றுவிட்டது.

அம்மா மிதித்தாள். இறங்கித் தள்ளினாள். மறுபடி மிதித்தாள். தம்பியின் விலாவில் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. அம்மா தன் தம்பியைத் திட்டி நான் கேட்டது அப்போதுதான். “பாவி, நல்லா ஓடினு இருந்த வண்டியப் பிரிச்சுப் போட்டானே!”

தண்ணீர் கேன் ஏற்றிவந்த குட்டி யானை வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “வண்டிய அந்த பஞ்சர் கடையில உட்டுட்டு, புள்ளய தூக்கினு ஏறும்மா” என்றார். ஏறினோம். ஹாரனை அவர் கையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் மூக்கில் புகை வரும் முகமூடியை வைத்தார்கள். முதலில் அழுதான். பிறகு மூச்சு இறங்கி, பிஸ்கட் கேட்டான். பிற்பகல் ஆட்டோவில் வீடு திரும்பினோம். அவன் பாயில் தூங்கிப்போனான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி மாமாவுக்குத் தெரிந்திருந்தது. பஞ்சர் கடையிலிருந்து மொபெட்டை அந்த வெயிலில் தள்ளிக்கொண்டே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, “மூச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லா கீறான். தூங்கறான்” என்றாள் அம்மா.

அவர் உள்ளே வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு பிளக்கைக் கழற்றினார். கரியும் எண்ணெயுமாக, எது பீங்கான் எது இரும்பு என்று தெரியாமல் இருந்தது. அம்மா வழியெல்லாம் சேர்த்துவைத்த திட்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமா அந்தப் பிளக்கை மாட்டினார், மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். அம்மா திட்டவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னாடா?”

“மெதுவாத்தான் போவ முடியும்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சேதான் இந்த பிளக்க மாட்டிவிட்டேன். பாதி வழியில நின்னுபோச்சு. பையன் மூச்சு இழுத்துகினு கெடந்தான்க்கா. வண்டி ஸ்டார்ட்டே ஆவல.”

அந்தப் பையன் யார் என்று அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. அந்தக் குளிர்காலத்தில், மலை உச்சிக் காவலில் இருந்த ஓர் இளம் சிப்பாய்க்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் சறுக்குப் பலகை கட்டி, அதில் அவனைப் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். பனிமூட்டத்தில் ஊர்ந்துதான் வர முடிந்தது. அந்த வண்டிக்குப் பிளக் போட்டுக் கொடுத்தவர் மாமா. அதற்குச் சற்று முன்னால்தான், சூட்டு பிளக் போட்ட வேறொரு வண்டியில் பிஸ்டன் ஓட்டையாகியிருந்தது. அதனால் கூல் பிளக்தான் சரி என்று முடிவு செய்திருந்தார். வண்டி வழியில் நின்றது. பையன் கீழே வந்து சேரவில்லை. விசாரித்தவர்கள் குளிர்தான் காரணம் என்று சொல்லி, மாமாவைக் குற்றம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவரால் விட முடியவில்லை. அக்காவின் மொபெட் அதே மாதிரிப் பிளக்கோடு நெமிலிச்சேரியில் ஊர்ந்து ஊர்ந்து ஓடி நிற்காமல் இருந்துவிட்டால், அங்கேயும் பிளக் காரணமில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். மொபெட்டும் பனி ஸ்கூட்டரும் ஒன்றல்ல என்பது ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாதா? தெரிந்தும் தினமும் வாசலில் வந்து நின்றார்.

இதில் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. அவர் என் தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார், அம்மா சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு போய், அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பையன் நல்லாத்தான் மாமா கீறான். நீயே வந்து பாரு.”

அம்மா என்னைத் தடுக்கவில்லை. மாமா என் பின்னால் வந்தார். கரிக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, பாயருகே மண்டியிட்டு, தம்பியின் மார்பில் வைத்தார். அது ஏறி இறங்கியது. அவர் கையும் கூடவே ஏறி இறங்கியது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

“பாத்தியா? நான்தான் சொன்னேன்ல?” என்றேன்.