குசினிக்குள் வந்த நோர்வே ராசா

தொண்ணூறுகளின் நடுவில், ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் நாங்கள் ஆறு ஆண்கள் இருந்தோம். போன் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில். அதன் வயர் ஒரு முழம்; வாசற்படிக்குக் கூட வராது.

நான் நாற்பது வயதுப் புதுமாப்பிள்ளை. கலியாணமாகி எட்டாம் மாதம், வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஏஜென்ட் என்னை ரொறொன்ரோவிலும் மனைவியை நோர்வேயில் ஒஸ்லோவிலும் இறக்கிவிட்டிருந்தான். இரண்டு பேரின் அகதி வழக்கும் இழுபட்டுக்கொண்டிருந்தது. கடதாசி வராமல் இருவருமே நாட்டைவிட்டு அசைய முடியாது.

ஞாயிறு காலையில் போன் கார்ட்டைச் சுரண்டி நம்பர் அடிப்பேன். அந்த நேரம் பார்த்து ஐந்து பேருக்கும் குசினியில் வேலை இருக்கும். ஒருவர் வெங்காயம் உரிப்பார். மற்ற நாலு பேரும் அவர் உரிப்பதை மேற்பார்வை செய்வார்கள். ஊருக்கெல்லாம் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிற வாய் என்னுடையது. ஆனால் ஆட்கள் முன்னால் சொந்த மனைவியிடம் ஒரு அன்பான சொல் சொல்ல அதற்குத் துணிவில்லை.

ஆகவே, அங்கே மொழி வகுப்பில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டேன். நோர்வேயின் 1814ஆம் ஆண்டுக் கதை என்றாள். வாரம் ஒரு துண்டாகச் சொன்னாள். நான் குசினிக்கு உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

அந்த ஜனவரியில், சண்டையில் தோற்ற டென்மார்க், நோர்வேயைச் சுவீடனுக்குக் கொடுத்துவிட்டது. நோர்வேக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

"எங்கடை ஏஜென்ட் மாதிரி," என்றார் வெங்காயக்காரர்.

நோர்வேக்காரர் விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரு பெரிய வீட்டில் கூடி, சில கிழமைகளில் அரசியல் சட்டம் எழுதி, மே மாதம் ஒரு ராசாவையும் தேர்ந்தெடுத்தார்கள்.

"நூற்றிப் பன்னிரண்டு பேரோ? நாங்கள் ஆறு பேர், சோத்துப்பானை ஆர் கழுவுறதெண்டு இன்னும் முடிவில்லை!" என்றார் இன்னொருவர்.

கோடையில் சுவீடன் படையோடு வந்தது. அடுத்த ஞாயிறு எல்லோரும் தேத்தண்ணியோடு முன்னதாகவே வந்து குந்திவிட்டார்கள்.

"இஞ்சருங்கோ, ஒக்டோபரிலை ராசா முடியை விட்டிட்டுக் கப்பல் ஏறீட்டார்," என்றாள்.

"பிறகு?"

"சட்டம் மிஞ்சினது. ஆனா சுவீடன் ராசாவுக்குக் கீழை."

"சுவீடன்காரர் எப்ப விட்டவை?"

"தொண்ணூற்றியொரு வருசத்துக்குப் பிறகு."

உரக்கச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கு எத்தினை வருசமெண்டு லோயரும் சொல்லுறாரில்லை. எனக்கு ஏலாமல் கிடக்குது," என்றாள்.

பழக்கதோஷம். அதையும் உரக்கச் சொல்லிவிட்டேன்.

வெங்காயக்காரர் கத்தியை வைத்தார். "எழும்புங்கோடா. அண்ணை கதைக்கட்டும்."

ஐந்து பேரும் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் போனார்கள். முதல்முறையாகக் குசினி எனக்கு மட்டும். கார்ட்டில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்றது இயந்திரக் குரல். எத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த சொற்கள்!

"அங்கை குளிரோ?" என்று கேட்டேன்.

"ஓம். அங்கை?"

"இஞ்சையும்."

"எத்தினை வருசமெண்டாலும் நான் இருப்பன்," என்றாள். லைன் அறுந்தது.

வெளியே கதவைத் தட்டினார்கள். "அண்ணை, கதைச்சு முடிஞ்சுதோ? காது விறைக்குது!"

"ரெண்டு நிமிசம் பொறுங்கோ!" என்று கத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதையெல்லாம் அறுந்த லைனுக்குச் சொன்னேன்.