செவலையின் இடது முன்னங்கால்

இந்தக் காணும் பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் குதிரை வண்டிப் பந்தயம் வைத்தார்கள். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். மைக் பிடித்த பையன், "அம்மா கைராசிக்காரங்க, அவங்க தொட்ட மாடு சோடை போனதே இல்ல" என்றான். எனக்கு வந்ததே கோபம். கைராசியாவது மண்ணாவது! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்கு என் கொட்டகையில் அறுபது கறவை மாடு நிற்கிறது. இரண்டு பால் வண்டி ஓடுகிறது. ஒரத்தநாட்டில் படித்துவிட்டு வரும் மாட்டு டாக்டர்கள், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறார்கள். இதெல்லாம் ராசியால் வந்ததா? கண்ணால் வந்தது. அந்தக் கண் ஒன்பது வயதிலேயே எனக்கு இருந்தது. வீட்டில் ஒருத்தரும் அதை மதிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்பா திருவிடைமருதூர் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஜட்கா ஓட்டினார். குதிரை பெயர் செவலை. பெண் குதிரை. அதுதான் எங்கள் சோறு, எங்கள் வீட்டு வாடகை, என் சிலேட்டு, எல்லாம். ஊறவைத்த கொள்ளை என் கையில் வைத்து நீட்டினால்தான் தின்னும். அப்பா வைத்தால் மூக்கால் தள்ளிவிடும். அதனால்தான், கிழக்கே கடலோரத்து ஊரில் நடந்த பந்தயத்துக்குப் போனபோது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ஆசையாக ஒன்றும் கூட்டிப் போகவில்லை.

பந்தயத்துக்கு அப்பாவைக் கிளப்பிவிட்டது என் மாமா, அம்மாவின் அண்ணன். அவருக்குச் சொந்தமாக ஒரு கோழி கூடக் கிடையாது, ஆனால் குதிரை சாஸ்திரம் முழுக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். செவலையின் கழுத்தில் ஒரு மயிர்ச்சுழி இருந்தது. அதற்குத் தேவமணி என்று பெயராம். அந்தச் சுழி உள்ள குதிரை தோற்காதாம். மாமா அந்தச் சுழியை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விரலை வைத்துக் காட்டுவார். முதல்நாள் சாயங்காலம் பந்தய ஊருக்குப் போய்ச் சேர்ந்த கையோடு செவலைக்குப் புது லாடம் அடிக்க வைத்ததும் அவர்தான். தெரிந்த ஆசாரியாம், சல்லிசாக அடித்துக் கொடுத்தானாம்.

மறுநாள் விடிந்ததும் நான் கொள்ளோடு போனேன். செவலை பாதியைத் தின்றுவிட்டு நிறுத்திவிட்டது. இடது முன்னங்காலை மட்டும் ஒரு சாண் முன்னால் நீட்டி, நுனியை லேசாகத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது. குளம்பைத் தொட்டேன். வலது குளம்பு குளிர்ந்திருந்தது. இடது குளம்பு சுட்டது.

"அப்பா, செவலை இடது காலை ஊணல. லாடத்து ஆணி உள்ள குத்துதுப்பா."

அப்பா குனியப் போனார். குனிந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் மாமாவின் கை என் கன்னத்தில் விழுந்தது.

"பந்தயத்தன்னைக்குப் பொட்டப்புள்ள வாயில வர்ற வார்த்தையா இது? மாப்ளே, தேவமணி உள்ள குதிரைக்குக் கால் வலிக்குமா? மொதல்ல இவளை அந்தண்ட போகச் சொல்லுங்க."

அப்பா நிமிர்ந்துவிட்டார். "போம்மா, போய் வேடிக்கை பாரு" என்றார். ஒரு நிமிஷம் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். மச்சினன் முன்னால் மகள் பேச்சைக் கேட்டவன் என்று பெயர் வந்துவிடுமே!

கன்னம் எரிய எரிய ரோட்டோரமாக நடந்தேன். சவுக்குத் தோப்பில் குதிரைகளைக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு நடுத்தர உயரக் குதிரைகளுக்கான நடுக்குதிரைப் பந்தயத்தில் மொத்தம் ஐந்து வண்டி. நாலு மைல் போய்க் கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியாக ஒரு சாம்பல் குதிரை. விலா எலும்பை எண்ணலாம். உப்பு வண்டி இழுக்கிற குதிரை. அதன் பக்கத்தில் தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, குதிரையை அப்படிப் பாக்கறீங்க? சொல்லுங்க, இது தேறுமா?"

என்னைப் பார்த்து 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆள் அவர்தான். ஜட்காக்காரன் மகளை ஊரே வாடி போடி என்றுதான் கூப்பிடும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதுதான் ஜெயிக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். "எலும்புங்க இது. அங்க பாருங்க, வெள்ளைக் குதிரை ராஜா மாதிரி நிக்குது."

"அது ஓடறதுக்கு முன்னாடியே தொடை இடுக்குல வேர்த்திருக்கு. மூணாவதுதான் வரும். உங்க குதிரை நடந்தே வந்திருக்கு, ஆனா வயிறு மெதுவாத்தான் ஏறி எறங்குது. சாணியும் உருண்டையாப் போட்டிருக்கு."

அவர் பீடியைக் கீழே போட்டார். சோடாக்காரனைக் கூப்பிட்டு ஒரு கோலி சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார். "மத்தது?" என்றார்.

கறுப்புக் குதிரை காதை மடக்கிக் கடிவாளத்தோடு சண்டை போடுகிறது, கொடியைச் சுற்றும்போது திரும்பாமல் முரண்டு பிடிக்கும், ஆனாலும் இரண்டாவது வந்துவிடும் என்றேன். பழுப்புக் குதிரை நல்ல குதிரை, சாரதிதான் சரியில்லை, நிற்கிற குதிரையைச் சும்மா சும்மா அடிக்கிறான், நாலாவதுதான் என்றேன். சோடா மூக்கில் ஏறியது. இவ்வளவு நேரம் என் பேச்சை யாரும் கேட்டதே இல்லை.

"செவலை? அந்தத் தேவமணிக் குதிரை? அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"அது எங்க குதிரைதான்" என்றேன் பெருமையாக. "இடது முன்னங்கால்ல ஆணி குத்துது. ரெண்டு மைல் நல்லாப் போகும். அப்புறம் நொண்டும். கடைசி."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அடிச்சாங்க."

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். தலைத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நான் சோடாவைக் குடித்து முடித்து, குண்டை ஆட்டி ஓசை பார்த்துவிட்டு வருவதற்குள் எங்கள் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பச்சைத் துண்டுக்காரர் நடுவில் நின்றார்.

"உங்க செவலைக்கு என் சாம்பல். யாருது பின்னாடி வருதோ அவங்க குதிரையைக் கயித்தோட கொடுத்துடணும். சம்மதமா?"

அப்பா முகம் வெளுத்துப்போனது. "வேணாங்க, நமக்குப் பொழப்பே அதுதான்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மாமா விடுவாரா?

"என்ன மாப்ளே பயப்படறீங்க? அந்த எலும்புக்கூடு நம்ம செவலை கூட ஓடுமா? ரெண்டு குதிரையா ஊருக்குப் போவோம்! யோவ், சம்மதம்யா. நான் சொல்றேன், சம்மதம்!"

யார் குதிரைக்கு யார் சம்மதம் சொல்வது? கூட்டம் விசில் அடித்தது. அப்பா தலையை ஆட்டிவிட்டார்.

அப்பா ஓட்ட, மாமா பின்னால் உட்கார்ந்து கத்த, வண்டி கிளம்பியது. காலி சோடா பாட்டிலும் கையுமாக நான் வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்றேன். செவலை முதலில் போனது. இரண்டாவது சாம்பல். புழுதி அடங்கியது. அப்புறம் நெடுநேரம் ரோடு வெறுமையாகக் கிடந்தது.

திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது சாம்பல். அப்புறம் கறுப்பு. அப்புறம் வெள்ளை. அப்புறம் பழுப்பு. நான் மதகின் மேல் குதித்தேன். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஐந்துக்கு ஐந்து. இன்றைக்கு வரைக்கும் பந்தயத்தில் அப்படிச் சொன்னவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

செவலை ரொம்ப நேரம் கழித்து வந்தது. மூன்று காலில் வந்தது. அப்பா வண்டியை விட்டு இறங்கி, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். மாமா இறங்கவில்லை. நொண்டுகிற குதிரை இழுக்க, வண்டியில் உட்கார்ந்தபடிதான் வந்தார். இதை மட்டும் நான் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன். அவர் செத்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'குதிரை வித்தகர்' என்று போட்டார்கள். அந்த எழுத்தின் மேல் ஒரு கை சாணியை நான்தான் அப்பினேன். அப்போது எனக்கு நாற்பது வயது.

அந்த வருஷமே பள்ளிக்கூடம் நின்றது. அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போனார். அம்மாவோடு நான் நடவுக்குப் போனேன். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு இருந்தது சந்தோஷம் மட்டும்தான்.

அப்பா கயிற்றை நீட்டினார். பச்சைத் துண்டுக்காரர் வாங்கிக்கொண்டார். செவலை நகரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, கொஞ்சம் கொள்ளு கொடுங்க, உங்க பின்னாடி வரும்" என்றார். நான் ஓடிப்போய் மடி நிறையக் கொள்ளு எடுத்து வந்தேன். ஒரு கையில் வைத்து நீட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். செவலை நொண்டி நொண்டி என் கையைத் தொடர்ந்து வந்தது. அவருடைய வண்டி வரைக்கும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அங்கே போனதும் அவர் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குறடை எடுத்தார். வலது காலைப் பார்க்கவில்லை, பின்னங்காலைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து இடது முன்னங்காலைத் தூக்கி முட்டியில் வைத்து, ஓர் ஆணியைப் பிடுங்கிப் போட்டார். ஒரு நிமிஷ வேலை. செவலை பெருமூச்சு விட்டு அந்தக் காலைத் தரையில் முழுசாக ஊன்றியது. எவ்வளவு கெட்டிக்காரர், பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அப்பா சற்றுத் தள்ளி நின்றிருந்தார். கீழே கிடந்த ஆணியைப் பார்த்தார். அந்த ஆளைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த காலி சோடா பாட்டிலைப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, அப்படியே நின்றார்.

நான் சொன்னதுதான் சரி என்று அப்பாவுக்கு இப்போதாவது தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இப்படிப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் அவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.