காளியம்மாள் நிறுத்திய லாரி

காளியம்மாள் அக்கா முழுசாக நம்பிய ஆள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் திண்டாடிப் போவேன். புது ஆட்சி வந்ததும் ரூபாய்க்குப் படி அரிசி என்று ஊரே துள்ளியபோது, "எந்தப் படி? பண்ணைப் படியா, கடைப் படியா?" என்று மேடைக்குக் கீழே நின்று கேட்டவள் அவள். பண்ணையில் நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் என்று இருந்த காலம். கேட்டதில் தப்பில்லை. ஆனால் கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டினாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள்.

அவள் என் பெரியப்பா மகள். அவளைக் கட்டியவர் மருதையன் மச்சான். பகலெல்லாம் பண்ணையில் வேலை, பொழுது சாய்ந்தால் கால்பந்து. எங்கள் தெரு அணிக்குக் கோல் காக்கும் கோலி அவர்தான், அவருக்கு முன்னால் தடுத்தாடும் பேக் நான். குடவாசலில் வருஷா வருஷம் தை மாதம் வெள்ளிக் கோப்பைப் போட்டி நடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். கூலிக்காரத் தெரு அணி எதுவும் அதில் பைனல் ஆடியதில்லை. மச்சானுக்கு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தலையில் துண்டைக் கட்டி நரையை மறைத்துக்கொண்டு, "இந்த ஒரு வருசம்டா, அப்பறம் நீங்களே ஆடிக்குங்க" என்பார். அந்த வருஷம் நாங்கள் செமி பைனல் வரை வந்துவிட்டோம்.

அந்த வருஷம்தான் அறுவடையையும் நிறுத்தியிருந்தோம். கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது. கதிர் சாய்ந்து கிடந்தது. பண்ணையார் துரைராசு வெளியூர் ஆட்களை இறக்கிவிடுவார் என்று பயம். முந்தைய வருஷம் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லி லாரியில் வந்தவர்கள், விடிவதற்குள் நாற்பது மா அறுத்துவிட்டார்கள். வெண்மணியில் எங்களைப் போன்ற கூலிக்காரர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்து அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெரியாத முகம் யாரைப் பார்த்தாலும் மறித்து ஊர் பேர் கேட்போம். ஆண்கள் வயல் வரப்பில் காவல், பெண்கள் ரோட்டு மதகில் காவல். மதகுக் காவலுக்குத் தலைவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

செமி பைனலில் எங்களோடு மோத இருந்தது கோடியக்கரைப் பக்கத்து உப்பளத் தொழிலாளர் அணி. அன்று பஸ் ஓடவில்லை. போட்டிக் கமிட்டிக்குத் தலைவர் அதே துரைராசு. திருத்துறைப்பூண்டி வரை தன் ரைஸ் மில் லாரியை அனுப்பி அவர்களை ஏற்றி வரச் சொன்னார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் அவருக்குக் கிடையாது.

மதியம் மதகில் அந்த லாரி வந்தது. போன வருஷம் ஆள் இறக்கிய அதே லாரி, பின்னால் கைலி கட்டிய வாலிபர்கள். அக்கா ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள்.

அணித் தலைவன் சாமிதுரை இறங்கி வந்து, "நாங்க பந்தாட வந்தவங்க, அக்கா" என்றான்.

"பந்தைக் காட்டு."

"பந்து கமிட்டி குடுக்கும்."

"பந்து இல்லாம பந்தாட்டமா? கையைக் காட்டு."

காட்டினான். உப்பு வாரிக் காய்த்து வெடித்த கை. அக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "இது பந்தாடுற கையா? வேலைக்காரன் கை. நம்ம வயித்துல அடிக்க வந்த கை."

"கைக்கும் பந்துக்கும் என்னக்கா சம்பந்தம்? நாங்க உப்பளத்துல வேலை பாக்குறவங்க."

"எம் புருசனும் வேலைக்காரன்தான். அவரு கையாலதான் பந்தப் புடிக்கிறாரு" என்றாள் அக்கா. அவள் ஒரு நாள்கூட ஆட்டம் பார்க்க வந்தவள் இல்லை. மச்சான் கையால் பிடிப்பதைச் சொல்லக் கேட்டு, எல்லோரும் கையால்தான் ஆடுவார்கள் என்று நினைத்திருந்தாள். மூட்டையைப் பிரித்துச் சட்டைகளைக் காட்டினார்கள். பண்ணைக்காரன் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருப்பான் என்று சொல்லிவிட்டாள்.

அங்கே மைதானத்தில் நேரம் கடந்தது. ரெப்ரி விசில் ஊதி ஆடாமலே ஜெயித்ததாக எங்களுக்கு வாக் ஓவர் கொடுத்தார். நாங்கள் மச்சானைத் தோளில் தூக்கினோம். பைனல், எங்கள் தெருவுக்கு. கொஞ்ச நேரத்தில் சாமிதுரை ஆட்கள் லாரியை மதகிலேயே விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்து சேர்ந்தார்கள். மதகில் மறித்த கதை தெரிந்ததும் கூட்டம் எங்களைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

துரைராசு நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார். "பொண்டாட்டிய ரோட்டுல ஒக்கார வச்சுட்டு இங்க வந்து கோல் காக்குறான். கெட்டிக்காரன்தான்."

மச்சான் என் தோளிலிருந்து இறங்கினார். நேராக ரெப்ரியிடம் போனார். "எங்களுக்கு இந்த ஜெயிப்பு வேணாங்க. நாளைக்கு ஆட விடுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதிப்படி கிடைத்ததை எவனாவது திருப்பிக் கொடுப்பானா? சாமிதுரை மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சங்கத்துத் தோழர்கள் அவர்களுக்கு அன்று எங்கள் தெருவிலேயே சோறு போட்டார்கள். பரிமாறியது அக்காதான். குழம்பை ஊற்றும்போதும் அவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் ஆட்டத்துக்கு அக்கா வந்தாள். என்னதான் நடக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மச்சான் அன்று ஆடியதைப் போல என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. நெஞ்சில் வாங்கினார், முகத்தில் வாங்கினார், உப்பளக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். முடிகிற நேரத்தில் சாமிதுரை இடது காலால் ஒன்று தட்டினான். உயிரில்லாத பந்து. தரையோடு உருண்டு வந்தது. மச்சான் குனிந்து கையை வைத்தார். அவருக்கு ஒரு முழம் முன்னால் மாடு மிதித்துக் காய்ந்த குளம்புக் குழியில் பந்து விழுந்து, சட்டென்று விலகி, அவர் முழங்கையை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மூன்றடி தள்ளி நின்று நான் பார்த்தேன். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தோற்றுப்போனோம். சும்மா தோற்றிருந்தால் பரவாயில்லை. "பொண்டாட்டி பேர் கெடக்கூடாதுன்னு விட்டுட்டான்" என்று எங்கள் அணிக்காரனே ஒருவன் கத்தினான். பண்ணைக்கு விலைபோய்விட்டான் என்றான் இன்னொருவன். நேற்றுத் திருடி ஜெயித்தவர், இன்று வேண்டுமென்றே தோற்றவர். குழியைப் பற்றி நான் தொண்டை கிழியச் சொன்னேன். மச்சினன் சொல்லுக்கு என்ன மதிப்பு?

வாய்க்கால் கரையில் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். மச்சான் பாதி வழியில் நின்று அக்காவைப் பார்த்தார்.

"ஊரு என்ன வேணா பேசட்டும். நீ நம்புறியா?"

அக்கா யோசித்தாள். அவள் யோசித்திருக்கவே கூடாது. பிறகு கேட்டாள், "பந்து மெதுவாத்தானே வந்துச்சு?"

"ஆமா" என்றார் மச்சான். நான் குறுக்கே பாய்ந்து குழியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். மச்சான் போதும் என்று கையமர்த்திவிட்டு முன்னால் நடந்தார்.

பத்து நாளில் கூலி உயர்ந்தது. மதகில் ஒரு ஆளைக்கூட விடாத காளியம்மாளுக்குச் சங்கம் மாலை போட்டது. அதையும் முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கு மதகில் உட்கார்ந்ததற்காக நான் அவளை ஒருநாளும் குற்றம் சொல்லமாட்டேன். வாய்க்கால் கரைக்காகச் சொல்வேன், சாகிறவரை சொல்வேன்.

அடுத்த தை பிறந்ததும் மச்சானை ஆட்டத்துக்குக் கூப்பிடப் போனேன். வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "நான் விட்டுடலன்னு உங்கக்காவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. வர்றேன்" என்றார்.

உள்ளே அக்கா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதத நான் எப்படிடா சொல்லுவேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வாசலில் கயிறு திரிக்கிற சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது. நான் வேறொரு கோலியைத் தேடிப் போனேன்.